க்யூ கையில் வந்தால்: ஓர் அச்சுக்கோப்பாளரின் வார்த்தைத் தேடல் குறிப்புகள்

என் மைத்துனர் 32 வருடம் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, பாயை விரித்து, எழுத்துக் கட்டைகளைக் கோத்து ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் பலகையை வைத்தால் நான்கு ஆட்டத்தில் மூன்றை நான்தான் ஜெயிக்கிறேன். "அத்தான், அர்த்தம் தெரியாத வார்த்தையை எல்லாம் வைக்கிறீர்கள்" என்று புலம்புவார். உண்மைதான். அர்த்தம் தெரிந்தவர் அவர், தோற்பவரும் அவர்.

1976 முதல் இருபது வருடம் திருச்சியில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்து கோத்தேன். ஸ்டிக் என்னும் கைச்சட்டத்தில் கோக்கும்போது வரி தலைகீழாகவும் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டும் இருக்கும். வாசித்துக்கொண்டே கோக்க முடியாது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத்தான் கோக்க வேண்டும். வார்த்தை விளையாட்டுகளுக்கு வேண்டிய பழக்கம் முக்கால்வாசி அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. அதைத்தான் இங்கே சொல்லித்தரப் போகிறேன்.

அதற்கு முன் ஓர் ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதினால் பி இரண்டு, டி இரண்டு ஆகிவிடுகின்றன. தொலைபேசியில் பெயர் சொல்லும்போது செய்வதையே இங்கும் செய்கிறேன்: பம்பாய் பி, பாண்டிச்சேரி பி, டெல்லி டி, திருச்சி டி. வெறுமனே பி என்றால் பாண்டிச்சேரி; வெறுமனே டி என்றால் எங்கள் ஊர். மற்ற இரண்டையும் ஊர் பெயரோடுதான் சொல்வேன். அச்சகத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. சின்ன எழுத்தில் பம்பாய் பி, டெல்லி டி, பாண்டிச்சேரி பி, க்யூ நான்கும் ஒரே அச்சை நான்கு விதமாகத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் முதல் மாதம் முழுக்கத் திட்டு வாங்குவது இந்த நால்வரால்தான்.

காது செய்யும் சதி

தமிழில் எப்படி ஒலிக்கிறதோ ஏறக்குறைய அப்படியே எழுதுகிறோம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கில எழுத்துகளை முன்னால் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் மனம் ஒலியைத்தான் தேடும். கையில் சி-யும் ஹெச்-சும் இருக்கின்றன என்று வையுங்கள். காது உடனே 'ச' என்ற ஒலிக்கு ஓடும்: சேர், சர்ச், சீஸ். அதோடு நின்றுவிடும். வலி என்று பொருள்படும் ஏக் என்ற சொல்லிலும் சி-ஹெச் உண்டு. உல்லாசப் படகான யாட்டிலும் உண்டு. இசையில் சொல்கிற கார்டிலும் உண்டு. அவை 'ச' என்று ஒலிக்காததால் நினைவுக்கு வருவதே இல்லை.

ஒலிக்காத எழுத்துகள் இன்னும் மோசம். கத்திக்கு முன்னால் ஒரு கே, மணிக்கட்டுக்கு முன்னால் ஒரு டபிள்யூ, கொசுவைப் போன்ற நேட் பூச்சிக்கு முன்னால் ஒரு ஜி, சங்கீதப் பாடலான சாம் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு பி, கடனுக்கு நடுவில் ஒரு பம்பாய் பி. ஒரு தாளை எடுத்துப் பத்து நிமிடம் இப்படிப்பட்ட சொற்களை மட்டும் எழுதிப் பாருங்கள். கே-என், டபிள்யூ-ஆர், ஜி-என், பி-எஸ் என்று நான்கு தலைப்பு போதும். ஐம்பது சொல்லாவது வரும். அத்தனையும் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்தவைதான். காது மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

எந்த எழுத்து எவ்வளவு

ஆங்கில எழுத்துப் பெட்டியை நாங்கள் கேஸ் என்போம். அதில் அறைகள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. சின்ன இ-க்குத்தான் ஆகப் பெரிய அறை. க்யூ, எக்ஸ், இசட், ஜே ஆகியவற்றுக்குத் தீப்பெட்டி அளவு ஓரத்து அறைகள். அச்சடித்து முடிந்தபின் எழுத்துகளைப் பிரித்து மறுபடி அறைகளில் போட வேண்டும். தினமும் ஆயிரக்கணக்கில் அப்படிப் போட்ட கைக்கு எந்த எழுத்து எவ்வளவு வரும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் நியூயார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனவர். செய்தித்தாளை எடுத்துவைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் தன் ஆட்டத்தின் எழுத்துக் கட்டைகளைத் தீர்மானித்தார். எங்கள் கேஸின் கணக்கும் அவர் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்று. மொத்தம் 100 கட்டை. இ 12, ஏ-யும் ஐ-யும் ஒன்பது ஒன்பது, ஓ எட்டு, என், ஆர், டி ஆறு ஆறு. எல், எஸ், யு, டெல்லி டி நான்கு நான்கு. ஜி மூன்று. ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் ஒவ்வொன்று. வெற்றுக் கட்டை இரண்டு. மீதி எல்லாம் இரண்டிரண்டு. இதை மனப்பாடம் செய்யுங்கள். நான்கு யு-வும் பலகைக்கு வந்துவிட்டதா, எஸ் இன்னும் எத்தனை வெளியில் இருக்கிறது என்று தெரியாமல் ஆடுவது கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் கடை நடத்துவது மாதிரி.

ஒரு விஷயம் சொல்லாமல் போக மனமில்லை. கல்யாண சீசன் வந்தால் எங்கள் அச்சகத்தில் ஆங்கில ஏ தீர்ந்துவிடும். எழுத்து வார்ப்பவர்கள் ஆங்கிலத்துக்குத் தக்க கணக்கில் இ-யை அள்ளி அனுப்பியிருப்பார்கள். நம் பெயர்களோ ராமநாதன், வெங்கடாசலம், அண்ணாமலை. ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் நான்கு ஏ. மாப்பிள்ளை வெங்கடாசலம், அப்பா அண்ணாமலை, தாத்தா ராமநாதன் என்று அமைந்துவிட்டால் பக்கத்து அச்சகத்துக்கு ஓடிக் கடன் வாங்க வேண்டும். நம் மனத்திலும் ஏ தாராளம், இ பஞ்சம். அதனால்தான் கையில் நாலு இ வந்தால் முழி பிதுங்குகிறது. அப்போது இரட்டை இ-யில் முடியும் சொற்களைத் தேடுங்கள்: கைகலப்பைக் குறிக்கும் மெலே, செவ்விந்தியர் கூடாரமான டீபீ, பயிற்சி பெறுபவரான டிரெய்னீ. அமானுஷ்யமான என்று பொருள்படும் ஈரி என்ற ஐந்தெழுத்துச் சொல் ஒன்றே மூன்று இ-யைத் தின்றுவிடும்.

வாலைப் பிடித்து இழுங்கள்

ஏழு கட்டையைப் பார்த்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தால் எதுவும் தோன்றாது. கையால் நகர்த்த வேண்டும். முதலில் வாலுக்கு உதவுகிறவற்றைப் பிரித்து வலது ஓரம் ஒதுக்குங்கள்: ஐ-என்-ஜி, இ-ஆர், இ-எஸ்-டி, எல்-ஒய், டெல்லி டி இருந்தால் இ-யோடு சேர்த்து அது. பிறகு தலைக்கு உதவுகிறவை: ஆர்-இ, யு-என், ஓ-யு-டி. நடுவில் மிஞ்சுவது மூன்று நான்கு எழுத்துதான். அதில் ஒரு சொல் எளிதாகத் தெரியும்.

போன வாரம் எனக்கு வந்தவை ஏ, இ, ஜி, ஐ, என், ஆர், டி. ஐ-என்-ஜி-யை ஓரம் தள்ளினேன். மிஞ்சியது ஏ, இ, ஆர், டி. கிழிப்பதற்கான டேர், விகிதத்துக்கான ரேட் இரண்டும் தெரிந்தன. ரேட் ஆசைகாட்டி ஏமாற்றும். ஐ-என்-ஜி சேர்த்தால் கடைசி இ உதிர்ந்துவிடும், அந்த ஒரு கட்டை கையில் தங்கிவிடும். டேர் உதிராது. டேரிங், ஏழும் காலி. ஒரே முறையில் ஏழையும் வைத்தால் 50 புள்ளி கூடுதல். அதே ஏழில் கிரானைட் கல்லும் இருக்கிறது, நன்றிகெட்டவனைக் குறிக்கும் இன்கிரேட்டும் இருக்கிறது. அவற்றுக்கு வால் இல்லாததால் இந்த வழியில் அகப்படாது. அதற்குத்தான் நோட்டு வேண்டும், பின்னால் சொல்கிறேன்.

வி ஒரு வில்லங்கம். இரண்டெழுத்துச் சொல் அதற்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆங்கிலச் சொற்கள் வி-யில் முடிவதும் மிக அரிது. பின்னால் ஓர் இ வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே வி கையில் இருந்தால் ஓர் இ-யைச் செலவழிக்காமல் பிடித்துவையுங்கள். எக்ஸ் அப்படியல்ல, தங்கமான எழுத்து. ஏ, இ, ஓ மூன்றில் எதன் பின்னாலும் ஒட்டி இரண்டெழுத்துச் சொல் ஆகும். ஐ-க்கும் யு-வுக்கும் முன்னால் ஒட்டும். 8 புள்ளி எழுத்து இவ்வளவு இணக்கமாக இருப்பது ஆச்சரியம்தான்.

ஆட்டத்தில் எந்தச் சொல் செல்லும் என்று சொல்வது காலின்ஸ் பட்டியல். 2019-ல் வெளியான அந்தப் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் 127. இந்தியாவில் போட்டிகளுக்குக் காலின்ஸ்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் பட்டியல் வேறு. நாளைக்கு ஐந்து வீதம் படித்தால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். பெரிய சொற்களை விட்டுவிட்டு முதலில் இதைப் படியுங்கள். பெரிய சொல்லை ஏற்கெனவே இருக்கும் சொல்லோடு உரசிக்கொண்டு வைக்க இந்தக் குட்டிகள்தான் இடம் திறந்துவிடும்.

உயிரெழுத்து இல்லாமல் தவிக்கும்போது ஒய் காப்பாற்றும்: ரிதம், கிரிப்ட், வெள்ளைப்போளத்தைக் குறிக்கும் மிர். அதுவும் இல்லையென்றால் வெறும் உறுமல்கள் இருக்கின்றன: ஹெச்-எம்-எம், எஸ்-ஹெச்-ஹெச், டி-எஸ்-கே. மூன்றும் செல்லும். மைத்துனர் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, பட்டியலைக் காட்டியபிறகும்.

க்யூ

சில வருடங்களுக்கு முன் ஒரு மனமகிழ் மன்றத்தில் நடந்த போட்டிக்குப் போயிருந்தேன். எதிரில் எட்டாம் வகுப்புப் பையன். கடைசிக் கட்டத்தில் என் கையில் க்யூ மட்டும். யு நான்கும் பலகையில் தீர்ந்துவிட்டன. கையைப் பிசைந்துகொண்டு என் முறையை விட்டுக்கொடுத்தேன். அவன் தன் கட்டைகளை முடித்துவிட்டான். கையில் தங்கிய க்யூவுக்காக எனக்கு 10 குறைந்து அவனுக்கு 10 கூடியது. 14 புள்ளியில் தோற்றேன்.

பையன் பலகையைப் பார்த்து "சீ" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "என்ன தம்பி, பெரியவர்களைப் பார்த்து இப்படியா சொல்வது?" என்றேன். அவன் பயந்துபோய், "இல்லை தாத்தா, சீ என்று ஒரு வார்த்தை இருக்கிறது" என்று க்யூவை எடுத்து, பலகையில் சும்மா நின்ற ஓர் ஐ-க்கு முன்னால் வைத்துக் காட்டினான். உடலில் ஓடும் உயிராற்றலுக்குச் சீனர்கள் சொல்லும் பெயராம். க்யூ-ஐ என்று எழுதிச் சீ என்று படிக்க வேண்டும். 11 புள்ளி அதற்கு. 20 புள்ளி வித்தியாசமும் தப்பியிருக்கும். 14-ல் தோற்ற ஆட்டத்தை 17-க்குக் குறையாமல் ஜெயித்திருப்பேன். காதை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நானே காதால் கெட்ட கதை இது.

யு இல்லாத க்யூ சொற்களை அன்று இரவே எழுத ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் நமக்குப் பழகியவை. தலாக், நிகாப், பக்கிரியைக் குறிக்கும் ஃபகீர், காஜியாரைக் குறிக்கும் காதி, ஏமனில் மெல்லும் காத் இலை, பாரசீக நிலத்தடிக் கால்வாயான கனாத். எல்லாம் அரபி வழியாக வந்தவை. அந்த மொழியில் தொண்டைக்குள்ளிருந்து வரும் ககரத்துக்கு ஆங்கிலத்தில் க்யூ போட்டுவிட்டார்கள். ஆகவே 'க' ஒலி வரும் அரபிச் சொல் எது நினைவுக்கு வந்தாலும் க்யூ போட்டு எழுதிப் பாருங்கள். ஜே-யில் முடியும் சொற்களும் அப்படியே: ராஜ், தாஜ், ஹஜ், ஸ்வராஜ். இங்கிலாந்துக்காரர் யோசித்து யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதை நாம் தெருவில் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

பேரேடு

என்னிடம் இருப்பது பழைய கணக்குப் பேரேடு. அதில் சொற்கள் முதலெழுத்து வரிசையில் இல்லை. அகராதி அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் ஆட்டத்துக்கு உதவுவதில்லை. முதலெழுத்து எது என்று தெரிந்தால் நான் ஏன் தேடப் போகிறேன்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு சொல்லை எடுங்கள். அதன் எழுத்துகளை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்குங்கள். அதை இடப்பக்கம் எழுதி, சொல்லை வலப்பக்கம் எழுதுங்கள். கண்ணின் விழித்திரைக்குச் சொல்லும் ரெட்டினாவை அடுக்கினால் ஏ-இ-ஐ-என்-ஆர்-டி. வைத்துக்கொள்ளுதல் என்னும் ரீட்டெய்னை அடுக்கினாலும் அதே ஏ-இ-ஐ-என்-ஆர்-டி. ஆக இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும். ஆட்டத்தில் கட்டைகள் கைக்கு வந்ததும் அவற்றையும் அகரவரிசையில் அடுக்குங்கள். இடப்பக்கம் படித்தது நினைவில் இருந்தால் வலப்பக்கம் தானாக வரும்.

இந்த ஆறு எழுத்தை ஒரு முழுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; கூட ஒன்று சேர்ந்தால் என்ன என்று அதன் கீழ் எழுதுங்கள். ஜி சேர்ந்தால் நாம் பார்த்த கிரானைட் கூட்டம். எம் சேர்ந்தால் பள்ளிவாசல் மினாரெட். பி சேர்ந்தால் பெயின்டர், ரீபெயின்ட். சி சேர்ந்தால் சர்ட்டன். எல் சேர்ந்தால் லெட்ரீன். சபை நாகரிகம் பார்க்காதீர்கள், புள்ளி புள்ளிதான். கே சேர்ந்தால் முடியிலும் நகத்திலும் இருக்கும் கெராட்டின். டெல்லி டி சேர்ந்தால் டிரெய்ன்ட். ஆர் சேர்ந்தால் டிரெய்னர், டெரெய்ன், ரீடிரெய்ன். அடிக்கடி வரும் கட்டைகளால் ஆன கூட்டம் என்பதால் இந்த ஒரு பக்கம் நூறு பக்கத்துக்குச் சமம். ஏழெழுத்துச் சொற்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்தவர்கள் யாரும் நிலைத்ததை நான் பார்க்கவில்லை.

இடம் தெரிந்த தேடல்

வேர்டில் ஆடுபவர்களின் சிக்கல் வேறு. ஜோஷ் வார்டில் என்பவர் எழுதி 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஆட்டம். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. இங்கே கையில் எழுத்துகள் கிடையாது; எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதுதான் தெரியும்.

உற்றுப் பார்த்தலுக்கான ஸ்டேரை முதலில் போடுகிறீர்கள்: எஸ்-டி-ஏ-ஆர்-இ. ஏ, இ இரண்டும் பச்சை, அதாவது சரியான இடத்தில் இருக்கின்றன. மற்ற மூன்றும் சாம்பல், அதாவது சொல்லிலேயே இல்லை. மூன்றாவது ஏ, ஐந்தாவது இ. இந்த இடத்தில் எல்லோரும் பிளேஸ், பிளேன், ஃபிளேம், கிளேஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டு வாய்ப்பைக் கரைப்பார்கள். வேண்டாம். பச்சையை மறந்துவிட்டு, தூக்குக்குண்டைக் குறிக்கும் பிளம் என்ற சொல்லைப் போடுங்கள்: பி-எல்-யு-எம்-பம்பாய் பி. கடைசி எழுத்து ஒலிக்காது என்பதையும் கவனியுங்கள். ஒரே அடியில் பி, எல், எம், பம்பாய் பி நான்கும் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். யு இருந்தால் க்வேக் என்ற நடுக்கமும் வெளிவந்துவிடும். கிடைத்த குறிப்பைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்கிற கடின முறையில் ஆடுபவர்களுக்கு மட்டும் இந்த வழி அடைபட்டிருக்கும்.

ஐந்தும் சாம்பல் என்றால்? ஹீவ், வீவ், சேஃப், அவேக், இவேட் என்று சில மிஞ்சும். இவற்றை எழுதிவிட்டு முடிந்தது என்று நினைப்பீர்கள். முடியவில்லை. சீட்டுக்கட்டின் ஜாக்கிக்கு இன்னொரு பெயர் நேவ். காதுக்கு அது என்-னில் தொடங்குகிறது, கண்ணுக்குக் கே-யில். தாளில் எழுதிய அந்த நான்கு தலைப்பை இங்கே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

குறுக்கெழுத்துக்கும் இதே வேலைதான். கைபேசியில் ஒன்லுக் என்ற தளம் இருக்கிறது. தெரியாத எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி, எத்தனை எழுத்தென்றே தெரியாத இடத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டால் பொருந்தும் சொற்களைக் கொட்டிவிடும். ஆட்டம் நடக்கும்போது அதைத் திறந்தால் எங்கள் பாயில் இடம் கிடையாது. ஆட்டம் முடிந்தபின் நான் தவறாமல் திறப்பேன். விட்ட சொல் எது என்று பார்த்துப் பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தான் காபி.

கடைசியாக, நம் வீட்டுச் சொற்களைச் சோதித்துப் பார்க்க மறக்காதீர்கள். இட்லி செல்லும். தோசை செல்லும், ஆங்கிலத்தில் தோசா, அதோடு தோசையும் பன்மையாகச் செல்லும். கஞ்சி, சுருட்டு, கட்டுமரம் எல்லாம் வேறு எழுத்துக்கூட்டலில் அங்கே உட்கார்ந்திருக்கின்றன.

போன மாதம் எனக்கு ஏ, சி, ஐ, என், எஸ், டி, யு வந்தது. மைத்துனர் வைத்திருந்த பார்க் என்ற சொல்லின் கடைசியில் எஸ் ஒட்டுமாறு ஏழையும் செங்குத்தாக இறக்கினேன்: அனிகட், பன்மையில். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அத்தான், இப்படி ஒரு வார்த்தையே கிடையாது. ஆட்சேபிக்கிறேன்." எங்கள் வீட்டு விதிப்படி ஆட்சேபித்துத் தோற்றால் ஒரு முறை ஆட்டம் போய்விடும். "யோசித்துச் சொல்லுங்கள் மாப்பிள்ளை" என்றேன். "யோசித்துவிட்டேன்" என்றார். அகராதியைப் புரட்டினார். அணைக்கட்டு, தமிழிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அகராதியை மூடிவைத்துவிட்டு, "கல்லணைக்கு மட்டும் எத்தனை தடவை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன், கிராண்ட் அனிகட் என்று நானே அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட்டு" என்றார்.